தேதி விடுபட்ட அறிக்கை

மேடையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, துறைத் தலைவர்களே. முன்வரிசையில் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக அமர்ந்திருக்கும், மறைந்த அம்மையாரின் கணவராகிய ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் அவர்களே. அம்மையாரிடம் படித்தவர்களே, அவரோடு பாடம் எடுத்தவர்களே. வலப்புறத் தூணருகே குறிப்பேட்டோடு நிற்கும் பத்திரிகை, தொலைக்காட்சி நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இன்று 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை. என் கடிகாரத்தில் மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம். இரங்கல் உரையை மணி சொல்லித் தொடங்குவது வழக்கமில்லை என்பதை அறிவேன். இந்தப் பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பு அலுவலராக முப்பத்தோர் ஆண்டுகள் இருந்து, 2016 ஜூன் முப்பதாம் தேதி ஓய்வு பெற்றவன் நான். அந்த முப்பத்தோர் ஆண்டுகளில் தேதி விடுபட்ட காகிதம் ஒன்றே ஒன்றில்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதம் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் இந்த அம்மையாரைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

அதற்கு முன், உங்களில் பலர் முகத்தில் இருக்கும் எரிச்சலுக்குப் பதில் சொல்ல வேண்டும். பிரதான வாசல் பூட்டியிருக்க, சைக்கிள் நிறுத்துமிடத்தைச் சுற்றிப் பக்கவாட்டுக் கதவால் ஏன் வரச் சொன்னார்கள்? பின்னால் எட்டு வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடக்க, வயதானவர்கள்கூட ஏன் சுவரோரம் நிற்க வேண்டும்? மேல்மாடத்துக்குப் போகும் படிக்கட்டில் கொடிக்கயிறு ஏன்? மூன்றையும் செய்தவன் நான்தான். காரணத்தை இந்தப் பேச்சு முடிவதற்குள் தேதிவாரியாகச் சொல்லிவிடுவேன். அதுவரை அன்புகூர்ந்து எவரும் அந்தக் கயிற்றைத் தாண்ட வேண்டாம். குழந்தைகளை அழைத்து வந்திருப்பவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் இருப்பவர்களுக்கு எந்தப் பயமும் வேண்டாம். இதைக் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் நேற்று மாலை கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சொல்கிறேன்.

நண்பர்களே!

அழைப்பிதழில் 'பேராசிரியர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அவர் இணைப் பேராசிரியர். பதவி உயர்வு கேட்டு மூன்று முறை விண்ணப்பித்தார். அது இப்போதுதான், அழைப்பிதழில், கிடைத்திருக்கிறது. 1993 செப்டம்பர் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, பதினொரு மாணவர்களோடு தம் வகுப்பைத் தொடங்கினார். 'ஊடகத் தொடர்பும் தொழில்முறைத் தகவல் தொடர்பும்' என்பது பாடத்தின் பெயர். இரண்டாம் மாடியில், கழிவறைக்கு அடுத்த அறை. பொறியியல் படிப்பவர்களுக்கும் அது கட்டாயப் பாடம் என்பதால், வேண்டா வெறுப்பாக வந்து பின்பெஞ்சில் தூங்கியவர்கள் நிறையப் பேர். தூங்க வந்தவர்கள் எத்தனை பேர் இன்று இங்கே விழித்துக்கொண்டு நிற்கிறீர்கள்!

மாணவர்கள் அவருக்கு 'முதல்வரி' என்று பெயர் வைத்தார்கள். அவருக்கும் அது தெரியும். ஒரு நிறுவனத்தில் விபத்து நேர்ந்தால் பத்திரிகைகளுக்கு எழுதும் அறிக்கையின் முதல் வரியில் என்ன இருக்க வேண்டும்? நிறுவனத்தின் பெயரா? அதன் பெருமையா? தலைவர் தெரிவித்த ஆழ்ந்த கவலையா? யாராவது அப்படி எழுதிக் காட்டினால் அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, “கட்டடத்துக்கு என்ன ஆச்சுன்னு மூணாவது வரியில சொல்லிக்கலாம். ஆளுங்களுக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லு முதல்ல” என்பார். 'மிகவும் வருந்துகிறோம்' என்று எழுதிய மாணவனை எழுப்பி, வகுப்பின் முன்னால் நிறுத்தி, “எங்கே, கொஞ்சம் வருந்திக் காட்டு பாப்போம்” என்பார். அவன் முகத்தைக் கோணிக்கொண்டு நிற்பான். வகுப்பே சிரிக்கும். அடுத்த வாரம் எவன் அறிக்கையிலும் வருத்தம் இருக்காது. தொலைபேசி எண் இருக்கும்.

வீட்டிலும் அப்படித்தானா என்று அவர் கணவரிடம் போன வாரம் கேட்டேன். அழுதுகொண்டிருந்தவர் சற்றே சிரித்துவிட்டார். “பால் பொங்கிடுச்சுன்னு நேராச் சொல்ல முடியாது சார். 'யாருக்கும் சுடல, அடுப்பை அணைச்சாச்சு, பால் போச்சு', அந்த வரிசையிலதான் சொல்லணும்” என்றார்.

அவருடைய ஒத்திகை நாளை இங்கே எத்தனை பேர் மறந்திருப்பீர்கள்? ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மாணவர்கள் ஒவ்வொருவரும், இன்னும் நடக்காத ஒரு விபத்துக்கு நாற்பது நிமிடத்தில் அறிக்கை எழுத வேண்டும். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு 'நிருபர்கள்' முன் நிற்க வேண்டும். நிருபர் வேடம் போடுகிறவர்கள் நாங்கள், அலுவலர்களும் ஆசிரியர்களும். எனக்கு ஆண்டுதோறும் ஒரே வேடம்: எரிச்சல் நிருபர். தேர்வு செய்து கொடுத்தவர் அவர். எனக்கு நடிக்க வராது என்று மறுத்தபோது, நடிக்கவே வேண்டாம், அலுவலகத்தில் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பயிற்சிக்கு ஒரே ஒரு விதி. விபத்தைக் கற்பனை செய்யக் கூடாது. வளாகத்தில் நடந்து போய், தொட்டுப் பார்த்து, எது உண்மையிலேயே நடக்கக்கூடும் என்று கண்டுபிடித்து வர வேண்டும். அதனால் அவருடைய மாணவர்களுக்கு இந்த வளாகத்தின் துருப்பிடித்த ஏணிகள், மூடியில்லாத கிணறு, கதவு சரியாகச் சாத்தாத மின்தூக்கி எல்லாம் எங்களைவிட நன்றாகத் தெரியும்.

அவர் எழுதச் சொல்லிக்கொடுத்ததை வாழ்ந்தும் காட்டினார் என்பதற்கு ஒரு சம்பவம். 2003 பிப்ரவரி இருபதாம் தேதி, வியாழக்கிழமை, விடுதித் தண்ணீரைக் குடித்த அறுபத்திரண்டு மாணவர்கள் வாந்தி பேதியோடு மருத்துவமனையில் கிடந்தார்கள். 'நிலைமை முழுமையாகக் கட்டுப்பாட்டில் உள்ளது' என்று நான் அறிக்கை தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அம்மையார் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். நின்றபடியே படித்தார். “யாரு கட்டுப்பாட்டுல சார்? உங்க கட்டுப்பாட்டுலயா?” என்று கேட்டுவிட்டு, அந்தத் தாளை எடுத்துக் கிழித்து, எத்தனை பேர், எந்த மருத்துவமனை, எந்த வார்டு, பெற்றோர் எந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தார். அன்றைய நிர்வாகம் கொதித்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆனால் அன்று மாலை வெளியூரிலிருந்து ஒரு தகப்பன் அழைத்து, வார்டு எண் இருந்ததால் நேரே போய் மகனைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லி அழுதார். அந்த எச்சரிக்கைக் கடிதத்தை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது.

அப்படிப்பட்டவரோடு அதற்குப் பிறகும் பதினொரு ஆண்டுகள் பழகியும் நான் செய்த பிழையை இப்போது சொல்கிறேன்.

2014 அக்டோபர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஒத்திகை நாள். கட்டடப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கொத்தனாரின் மகள். அவள் பேச வந்தபோது மற்றவர்களைப் போலத் தடுமாறவில்லை. அறிக்கையை வாசித்தாள். ஒரு நிருபரும் கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் வராதது அந்த ஒரு முறைதான். நடை அவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைத்தேன். நடையையா நான் பார்த்தேன்? ஆம் நண்பர்களே, நடையைத்தான் பார்த்தேன்.

அந்த அறிக்கை இதுதான். வாசிக்கிறேன்.

'_______ தேதி காலை, பட்டமளிப்பு விழா நடந்துகொண்டிருந்தபோது அரங்கின் மேல்மாடம் இடிந்து விழுந்ததில் ____ பேர் இறந்தனர், ____ பேர் காயமடைந்தனர். இவர்களில் பெரும்பாலோர், பட்டம் பெற வந்த மாணவர்களின் பெற்றோர். மேல்மாடத்தைத் தாங்கும் விட்டத்தில் விரிசல் இருப்பது பல்கலைக்கழகத்துக்கு 2014 அக்டோபர் 14 முதல் தெரியும்.'

மூன்று வாக்கியங்கள். முதல் வரியில் மனிதர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது வரியில் நாம் இருக்கிறோம்.

அம்மையார் அன்று மாலையே அந்த மாணவியோடு இந்த அரங்குக்கு வந்தார். நீங்கள் திரும்பிப் பார்த்தால் தெரியும், மேல்மாடத்தின் அடியில், இடமிருந்து இரண்டாவது தூணை ஒட்டிய விட்டம். அங்கே தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு. மாணவி உயிரியல் ஆய்வகத்திலிருந்து, நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிச் சில்லு ஒன்றை வாங்கி வந்திருந்தாள். அதை விரிசலுக்குக் குறுக்கே சாந்து வைத்து ஒட்டினாள். ஏன் என்று அம்மையார் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்: “எங்கப்பா செய்வார் மேடம். விரிசல் தூங்குதா முழிச்சிருக்கான்னு கண்ணாடி சொல்லிடும்.”

தூங்கும் விரிசல் கண்ணாடியை ஒன்றும் செய்யாது. விழித்திருக்கும் விரிசல் அதை உடைத்துவிடும்.

மறுநாள் அந்த அறிக்கை, அம்மையாரின் கடிதத்தோடு, என் மேசைக்கு வந்தது. கடிதத்தில் அவர் எழுதியிருந்தது ஒரே வரி: 'தங்கள் உடனடிக் கவனத்துக்கு.' நான் கவனித்தேன். ஐந்து நாள் கழித்து, அக்டோபர் இருபதாம் தேதி, திங்கட்கிழமை முற்பகலில், நன்றாகவே கவனித்தேன். என் பேனாவை எடுத்து, அந்தக் காலி இடங்களைச் சுற்றி வட்டமிட்டு, ஓரத்தில் எழுதினேன்: 'தேதி, எண்ணிக்கை விடுபட்டுள்ளன. மற்றபடி நன்று.' கீழே என் கையெழுத்து. கையெழுத்தின் கீழே தேதி, 20-10-2014. பிறகு அதை 'மாணவர் ஒத்திகைகள்' என்று பெயரிட்ட கோப்பில் சேர்த்துவிட்டு, நகல் ஒன்றை அம்மையாருக்கு அனுப்பினேன்.

ஓர் அபாய அறிவிப்புக்கு நான் மதிப்பெண் போட்டேன். காலமெல்லாம் வாக்கியங்களைச் செதுக்கிக்கொண்டிருப்பவனுக்கு மட்டுமே இந்தக் குருடு வாய்க்கும். நெருப்பு என்று எழுதிக் கொடுத்தால் கை சுடுகிறதா என்று பார்க்க மாட்டான். எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்ப்பான்.

அன்று பிற்பகல் அம்மையார் அந்த நகலோடு வந்தார். உட்காரவில்லை.

“நன்றுன்னு போட்டிருக்கீங்க. இதுல எது சார் நன்று?”

நல்ல தெளிவு என்றேன். தேதியை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள், பயிற்சியென்றாலும் முழுமையாக இருக்க வேண்டும் அல்லவா என்றேன்.

“அந்தத் தேதி எனக்குத் தெரிஞ்சா, அன்னைக்கு விடியக்காலையே வந்து கதவைப் பூட்டிட்டு உக்காந்திருப்பேன் சார்” என்றார்.

நான் சிரித்தேன். நல்ல வாக்கியம் என்று நினைத்துச் சிரித்தேன். இன்று மேடையில் நின்று சொல்கிறேன்: அந்தச் சிரிப்புக்கு என்ன பரிகாரம்?

பதினொரு மாதத்தில் முதல் கண்ணாடி உடைந்தது. அம்மையார் அதைக் காகிதத்தில் சுற்றித் தேதி எழுதி என் மேசையில் வைத்தார். நான் கட்டடப் பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகக் கேட்டேன். அவர் காலமாகிவிட்டார், நல்ல மனிதர், பேச்சில் வல்லவர். “மனுஷன்னா சுருக்கம் விழும், கட்டடம்னா விரிசல் விழும் சார்” என்றார். அதையும் நல்ல வாக்கியம் என்று ஏற்றுக்கொண்டேன். பிறகு ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனேன். போகும்போது மாலை போட்டார்கள், கைக்கடிகாரம் கொடுத்தார்கள். கோப்பு அலமாரியிலேயே கிடந்தது.

அம்மையார் விடவில்லை. ஒவ்வோர் ஒத்திகை நாளிலும் புதிய மாணவர்கள் புதிய கண்ணாடி ஒட்டினார்கள். ஒவ்வொன்றும் உடைந்தது. அவருக்கென்று ஒரு கொள்கை உண்டு, வகுப்பிலும் சொல்வார். வீட்டுக் குறையை வீட்டுக்குள் மூன்று தடவை சொல். நாலாவது தடவை வாசலில் நின்று சொல். முதல் தடவை என்னிடம் சொன்னார். இரண்டாம் தடவை 2018இல் பராமரிப்புப் பிரிவுக்கு எழுதினார். அந்தப் பிரிவு, இதற்கு முன் ஏதேனும் புகார் வந்திருக்கிறதா என்று என் பழைய அலுவலகத்தைக் கேட்டது. என் அலுவலகம் புகார்க் கோப்பைப் புரட்டிவிட்டு, அப்படி எதுவும் பதிவாகவில்லை என்று பதில் எழுதியது. எப்படிப் பதிவாகியிருக்கும்? அது ஒத்திகைக் கோப்பில் 'நன்று' வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததே!

முன்புகார் இல்லாததால் இதைச் சிறிய பழுது என்று முடிவு செய்தார்கள். 2019 மார்ச்சில் விரிசல் மேல் சாந்து பூசி, வெள்ளையடித்தார்கள். ஒட்டியிருந்த கண்ணாடி குப்பைக்குப் போனது. அம்மையாரும் சரிசெய்துவிட்டார்கள் என்று நம்பி நிம்மதியாக இருந்தார். 2021 அக்டோபரில் அந்த வெள்ளையின் மேலேயே, அதே இடத்தில், அதே கோடு வந்து நின்றது. இம்முறை விரல் நகம் நுழையும் அகலம்.

மூன்றாம் தடவை, இந்த ஆண்டு ஏப்ரல் பத்தாம் தேதி பதிவாளருக்குக் கடிதம். மே இரண்டாம் தேதி பதில் வந்தது: 'தங்கள் கடிதம் பெறப்பட்டது. உரிய நடவடிக்கை பரிசீலனையில் உள்ளது.' அம்மையார் அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இந்த இரண்டு வாக்கியங்களில் எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டாராம். ஒருவரும் இல்லை என்று பின்பெஞ்சிலிருந்து பதில் வந்ததாம்.

பதிவாளர் அவர்கள் மேல் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் பொறுப்பேற்றது 2021இல். அவர் தேடியிருந்தாலும் 2014ஆம் ஆண்டுக் காகிதம் அவருக்குக் கிடைத்திருக்காது. அதை ஒளித்து வைத்தவன் நான். ஒளித்து வைக்கிறோம் என்றே தெரியாமல் ஒளித்து வைத்தவன்.

இந்த நவம்பர் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு நாற்பதுக்கு அம்மையார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அதுதான் கடைசி.

“பதினேழாந்தேதி நாலு மணிக்கு நிருபர்களைக் கூப்பிட்டிருக்கேன் சார். நிஜ நிருபர்களை. நாலாவது தடவை.”

வேலைக்கு ஆபத்து வருமே, ஓய்வுக்கு ஏழு மாதம்தானே இருக்கிறது என்று நான் சொன்னேன். என் வாயிலிருந்து வேறு என்ன வரும்?

“நீங்க வந்து முன்வரிசையில உக்காருங்க. அவங்க மரியாதைக்காகக் கேக்காம விட்டுட்டா, நீங்க கேக்கணும். எரிச்சலா ஒரே ஒரு கேள்வி.”

என்ன கேள்வி என்றேன்.

“எப்பலேர்ந்து தெரியும்னு.”

அந்தக் கேள்விக்கு யார் கையெழுத்து பதில் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். என் பெயரைச் சொல்லிவிடலாமா என்று அனுமதி கேட்கவே அவர் அழைத்திருக்கிறார் என்பது தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்ப அழைத்துச் சரி என்று சொல்லியிருக்கலாம். நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நாளையும் போனது, மறுநாளும் போனது. எட்டாம் தேதி, புதன்கிழமை, காலை பத்தரைக்கு வகுப்பு முடித்துப் படியிறங்கும்போது அவர் இதயம் நின்றுவிட்டது. இதில் மர்மம் எதுவும் இல்லை. மருத்துவர் அறிக்கையைப் படித்தேன். வதந்தி பரப்புவது அவருக்குப் பிடிக்காது.

பத்தாம் தேதி அவர் கணவர் என்னிடம் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். இதோ இந்த உறை. உள்ளே அன்று நான் அனுப்பிய அறிக்கை நகலும், எட்டு உடைந்த கண்ணாடிச் சில்லுகளும், ஒவ்வொன்றும் தேதியோடு. நான் வீட்டில் மேசை மேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் கண்ணாடி உடையப் பதினொரு மாதம் ஆயிற்று. பிறகு பத்து மாதம். இந்த ஆண்டின் தொடக்கத்தில் நான்கு மாதம். அதற்கு அடுத்தது மூன்று மாதம். இந்த அக்டோபர் மூன்றாம் தேதி ஒட்டியது, இருபத்துநான்காம் தேதி உடைந்தது. இருபத்தோரு நாள்.

பதினோராம் தேதி, சனிக்கிழமை, ஒன்பதாவது கண்ணாடியை ஏணி போட்டு ஏறி நானே ஒட்டினேன். அறுபத்தொன்பது வயதில் ஏணி ஏறக் கூடாது என்று என் மகள் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். நேற்று, பதினாறாம் தேதி காலை வந்து பார்த்தேன். உடைந்திருந்தது. ஐந்து நாள்.

அந்தக் கொத்தனார் மகள் இப்போது கட்டடப் பொறியாளர். நேற்றே அழைத்தேன், விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு மணி நேரம் சிறு சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டாள். நோயாளியின் முதுகைத் தட்டும் மருத்துவரைப் போல முகத்தில் எதையும் காட்டவில்லை. இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, “முன்பக்கம் தனித் தூண்ல நிக்குது சார், அதுக்கு ஒண்ணும் ஆகாது. பின்னாடி மட்டும் மேலயும் கீழயும் ஒரு ஆளையும் விடாதீங்க” என்றாள். எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டேன். “காலியா இருந்தா ரொம்ப நாள் தாங்கும். ஆள் ஏறினா எனக்குத் தெரியாது” என்றாள்.

கூட்டத்தை வேறிடத்துக்கு மாற்ற நேற்று மாலையே எழுதிக் கொடுத்தேன். நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே இன்று காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்து, மேல்மாடத்தின் அடியில் திறக்கும் பிரதான வாசலைப் பூட்டச் சொல்லி, கயிறு கட்டினேன். கட்டிக்கொண்டிருக்கும்போது பின்னிருந்து மூன்றாம் வரிசை, ஏழாவது நாற்காலியில் உள்ளங்கை அகலத்துக்குச் சாந்துப் பொருக்கு கிடப்பதைப் பார்த்தேன். துடைக்கவில்லை. போகும்போது தூரத்திலிருந்து பாருங்கள்.

பதிவாளர் அவர்கள் அப்போது வந்து, யாரைக் கேட்டுக் கட்டினீர்கள் என்று நியாயமாகவே கேட்டார். யாரையும் கேட்கவில்லை என்றேன். “ஐயா, இது துக்க நிகழ்ச்சி. அவங்க குணத்தைப் பத்தி நாலு வார்த்தை பேசி முடிச்சிடுங்க, மத்ததை அப்புறம் உக்காந்து பேசலாம்” என்று அன்போடு கேட்டுக்கொண்டார். அவர் சொன்னபடிதான் பேசியிருக்கிறேன். அம்மையாரின் குணம் இதுதான்.

இந்தக் கூட்டத்துக்கு நாள் குறிக்கச் சொன்னபோது, பதினேழாம் தேதி நான்கு மணி என்று நான்தான் குறித்துக் கொடுத்தேன். தற்செயல் என்று நினைத்திருப்பீர்கள். நிருபர்களை அம்மையார் அழைத்திருந்த நேரம் அது. நண்பர்களே, நீங்கள் அவர் அழைப்புக்குத்தான் வந்திருக்கிறீர்கள். அவர் யாரையும் காக்க வைத்ததில்லை. இன்று பன்னிரண்டு நிமிடம் தாமதமானதற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் கையில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று, தேதி விடுபட்ட அந்த அறிக்கை. மற்றது, கெட்டி அட்டையில், பொன்னிற எழுத்தில், பட்டமளிப்பு விழா அழைப்பிதழ். அச்சாகிவிட்டது, அனுப்பவும் தொடங்கிவிட்டார்கள். நவம்பர் இருபத்தைந்து, சனிக்கிழமை, காலை பத்து மணி. இடம், இந்த அரங்கு. அடியில் சிறிய எழுத்தில்: 'பெற்றோருக்கு மேல்மாடத்தில் இருக்கை ஒதுக்கப்பட்டுள்ளது.' மேலே இருநூற்று நாற்பது இருக்கைகள். கீழே, அந்த எட்டு வரிசையில், நூற்று அறுபது. ஒரு காகிதத்தில் தேதியில்லை. மற்றொரு காகிதத்தில் தேதி இருக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. உங்களில் யாருக்காவது இருக்கிறதா?

அம்மையார் கேட்டபோது நான் நிரப்பச் சொன்ன அந்த இடம் காலியாகவே இருக்க வேண்டும். என் ஆயுளில் ஒரு தேதி எழுதப்படாமலே போக வேண்டும் என்று நான் விரும்புவது இதுவே முதல் முறை.

துணைவேந்தர் அவர்களே, விழாவைத் திறந்த வெளியில் நடத்துங்கள். வெயிலில் நடத்துங்கள், மழையென்றால் தள்ளிப்போடுங்கள். அந்தப் பெண் பொறியாளரின் எழுத்துபூர்வமான அறிக்கை நாளை காலை உங்கள் மேசைக்கும், நகராட்சிக் கட்டட ஆய்வாளரின் மேசைக்கும் வரும். அதுவரை மட்டுமல்ல, விட்டத்தை இறக்கி வேறு விட்டம் ஏற்றும் நாள்வரை, தினமும் காலை எட்டு மணிக்கு அந்தப் படிக்கட்டின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். கயிற்றைத் தாண்டுகிறவர் என்னையும் தாண்ட வேண்டியிருக்கும். ஒத்திகை நாளும் நிற்காது. அடுத்த அக்டோபரில் அந்த வகுப்பை எடுக்கப்போகிற இளம் விரிவுரையாளருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்: எரிச்சல் நிருபராக நான் வருவேன். இனி எந்த மாணவரின் அறிக்கைக்கும் மதிப்பெண் போடுவதற்கு முன், அது சொல்லும் இடத்துக்கு நடந்து போய்த் தொட்டுப் பார்ப்பேன்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது, மறைந்தவருக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி. பொறுத்தருள வேண்டும், என்னால் அதில் கலந்துகொள்ள முடியாது. நான் ஏற்கெனவே ஒன்பது ஆண்டுகளும் இருபத்தெட்டு நாள்களும் மௌனமாக இருந்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தை, அம்மையாரின் பெயரால், தூணருகே நிற்கும் நிருபர்களுக்குக் கொடுக்கிறேன்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். பதில் என்னிடம் நாள், கிழமை, கையெழுத்தோடு இருக்கிறது. மரியாதைக்காகத் தயங்காதீர்கள். உங்களில் யாராவது ஒருவர், கொஞ்சம் எரிச்சலோடு, கேளுங்கள்.